டயர் இருந்தால் போகலாம்

இந்தக் குளிர்கால லீவில் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

சும்மா எடுத்த முடிவு இல்லை. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, பல் துலக்கும் பிரஷ்ஷை உயர்த்திப் பிடித்து எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது.

காரணம் களைப்பு. நான் வேலை பார்க்கும் கிடங்கில் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாற்றினார்கள். மாற்றியவர்கள் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு சிஸ்டம் ஓடாத நேரமெல்லாம் நான் ஓடினேன். கோடையில் ஆரம்பித்த ஓட்டம் குளிர் வந்தும் நிற்கவில்லை. கடைசியில் மேனேஜரே என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அடுத்த மாதம் ஒரு வெள்ளி முதல் திங்கள் வரை வீட்டில் கிட என்று சொல்லிவிட்டார். அந்த நாலு நாளுக்காக நான் தனியாக ஒரு போர்வை வாங்கினேன். ஆக்லாந்தில் எங்கள் கிளென் ஈடன் பக்கம் ஜூலை மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். வெளியே மழை, உள்ளே ஹீட்டர், கீழே சோபா, மேலே போர்வை, நடுவில் நான். நினைத்தாலே கண் சொருகியது.

லீவு விஷயத்தை அபர்ணாவிடம் நான் சொல்லவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது முகம் லேசாக மலர்ந்துவிட்டது போலிருக்கிறது. என் மனைவிக்கு அது போதும்.

"லீவா?"

"எது?"

"எத்தன நாளு?"

"நாலு."

"அப்ப ஸ்னோ பாக்கப் போறோம்."

முடிந்தது.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிச்சயமான புதிதில் போனில் பேசும்போது, நியூசிலாந்துக்கு வந்தால் பனியில் கை கோத்து நடக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேனாம். அந்த வயதில் யார்தான் சொல்லவில்லை? அவள் வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இதுவரை அவள் பார்த்த ஒரே பனி எங்கள் ஃப்ரீசரில் படிவதுதான். அதையும் மாதாமாதம் அவளே சுரண்டுகிறாள். மகள் பிரணவிக்கு ஒன்பது வயது. அவள் வகுப்பில் எல்லாரும் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கி விளையாடிவிட்டார்களாம். "எவ்ரிபடி, அப்பா" என்று அவள் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ருவாபெஹு மலைக்கு ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். போவதற்கு ஐந்து, வருவதற்கு ஐந்து. என் முதுகு சோபாவுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது.

"முடியாது" என்ற வார்த்தையை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுவேன். என் வழி வேறு. எதையும் மறுக்கக் கூடாது. சரி என்று சந்தோஷமாகச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு ஒரு நிபந்தனையைக் கட்டிவிட வேண்டும். பிறகு நிபந்தனை பார்த்துக்கொள்ளும்.

"தாராளமா போலாம்" என்றேன். "ஆனா நம்மளுது சின்னக் காரு. மலை ரோட்டுல ஐஸ் கட்டியிருக்கும். சாதா டயர்ல ஏறினா வழுக்கிட்டுப் பள்ளத்துக்குப் போயிடும். விண்டர் டயர் வேணும். நாலு வீலுக்கும் வேணும். வீல்கூட தனி செட்டா இருந்தாத்தான் மாட்டிக் கழட்ட வசதி."

அபர்ணா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"டயர் இருந்தா கண்டிப்பா போலாம்ல?"

"டயர் மட்டும் இருந்தா மறுநாளே கிளம்பிடலாம்."

"சரி, பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அபர்ணா இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். களைப்பில் புத்தி வேலை செய்யவில்லை.

ஏனென்றால் என் புத்தி அப்போது முழுசாக ஆடி மாதத்தில் இருந்தது. அபர்ணா ஆடியில் புதிதாக எதையும் வாங்கமாட்டாள். ஆடித் தள்ளுபடி என்று ஊரே கடைவீதியில் முண்டியடித்தபோதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த குடும்பம் அவளுடையது. ஆக்லாந்து வந்தும் அதில் மாற்றமில்லை. ஒரு ஆடியில் ரைஸ் குக்கர் உயிரை விட்டது. ஆவணி பிறக்கும்வரை பாத்திரத்தில் சோறு வடித்தோம். வடித்தது நான். அப்படிப்பட்டவள் ஆடியில் டயர் வாங்குவாளா? என் லீவு தொடங்குகிற வெள்ளிக்கிழமைதான் ஆடி முதல் தேதி. அதுவரை டயர் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்துவிடக் கூடாது. என் வேலை அவ்வளவுதான்.

துணைக்குப் பக்கத்து வீட்டு நவரத்தினம் அண்ணனைச் சேர்த்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். கவுன்சில் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பல்பு வாங்குவதென்றால்கூட ஒரு வாரம் யோசிப்பார். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்.

"ஓம் தம்பி, டயர் எண்டா ஆறுதலாத்தான் பாக்கோணும்" என்றார். "அந்தரப்பட்டு வாங்கினா பிறகு நீங்கதான் கவலைப்படுவியள்."

அவர் ஊர்ப் பேச்சில் ஆறுதல் என்றால் நிதானம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி இங்கே வந்து, போன பிப்ரவரியில் என்னிடம் மாட்டிக்கொண்ட சின்ன வெள்ளைக் கார். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டுக்குள் இருந்து ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் "ம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அவள் மனசு நோகக் கூடாது பாருங்கள்.

வருஷா வருஷம் காருக்கு வாரண்ட் எடுக்க வேண்டும். பயப்படாதீர்கள், போலீஸ் வாரண்ட் இல்லை. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டிக்கொடுக்கிற சீட்டு. என்னை அப்படி யாராவது சோதித்தால் ஹெட்லைட்டிலேயே ஃபெயிலாகிவிடுவேன். மே மாதம் அபர்ணாதான் காரைக் கொண்டுபோய் வாரண்ட் எடுத்து வந்தாள். வந்ததும் ஏதோ சொன்னாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரண்ட் கிடைத்ததா என்பதுதானே முக்கியம்? கிடைத்திருந்தது.

ஆக, டயர் தேடும் படலம் ஆரம்பமானது. சனிக்கிழமை காலையில் அண்ணனும் நானும் கிளம்பிவிடுவோம். முதல் கடையில் கவுண்டரில் இருந்த பெண் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே மழை. எங்கே பனி என்று கேட்டாள். ஆக்லாந்தில் இதையெல்லாம் யாரும் ஸ்டாக் வைப்பதில்லை, ஆர்டர் போட்டால் தெற்கே இருந்து வரவேண்டும் என்றாள். எவ்வளவு நாளாகும் என்று ஆவலோடு கேட்டேன். நிறைய நாளாகும் என்றாள். இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் இருப்பதால்தான் இந்த நாட்டில் இன்னும் மழை பெய்கிறது.

அடுத்த வாரம் மாஸி என்கிற புறநகரில் ஒரு கடை. இல்லை. அதற்கடுத்து ஒரு கடை. சிரித்தார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். காரில் ஏறியதும் விசில் அடிப்பேன். அண்ணன் ஒன்றும் கேட்கமாட்டார். இந்தியக் கடைகள் நிறைந்த பாபடோயிட்டோய் பக்கம் போய் ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு மெதுவாக வீடு திரும்புவோம்.

ராத்திரியில் அபர்ணாவுக்கு அறிக்கை சமர்ப்பிப்பேன். தேடுகிறவன் கொஞ்சம் படித்தும் வைத்திருக்க வேண்டாமா? விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இறுகாமல் மிருதுவாக இருக்கும் என்றேன். அதன் மேலே கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவைதான் ஐஸைப் பிடிக்கும் என்றேன். இரண்டு வீலில் மட்டும் போடுவது ஆபத்து, நாலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றேன். அபர்ணா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பிரணவியையும் விடவில்லை. டயரின் பக்கவாட்டில் மலை மாதிரி ஒரு படமும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருந்தால்தான் அது அசல் விண்டர் டயர் என்று வரைந்து காட்டினேன். அவளும் படித்துக்கொண்டாள். தெருவில் நிற்கிற காரையெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு வந்து "நோப்" என்பாள். அப்பா எவ்வளவு சிரத்தையாகத் தேடுகிறார் என்று குடும்பத்துக்கே தெரிய வேண்டும் அல்லவா?

"இன்னும் கிடைக்கல. ஆனா விடமாட்டேன்" என்பேன்.

"கிடைச்சா போலாம்ல?" என்பாள் அபர்ணா.

"கிடைக்கட்டும், அப்பறம் பாரு என் வேகத்த."

ஆடிக்கு முந்தின சனிக்கிழமைதான் அந்த விபத்து நடந்தது. பாபடோயிட்டோயில் தோசை சாப்பிட்டு வெளியே வந்தால், எதிரே ஒரு பழைய டயர் யார்டு. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று போனோம். யார்டுக்காரர் எங்கள் காரைப் பார்த்தார். உள்ளே போனார். டயர் மாட்டிய வீல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இன்னும் மூன்று உள்ளே இருக்கிறதாம். நாலும் விண்டர் டயராம். எங்கள் கார் சைஸாம். வேண்டுமானால் இப்போதே மாட்டித் தருகிறாராம்.

நான் அந்த வீலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"ரிம் கறுப்பா இருக்கேண்ணே" என்றேன். "நம்ம கார் வெள்ளை. பொருந்தாது."

"கறுப்பெண்டா என்ன தம்பி? இப்ப திண்ட தோசை சுட்ட கல்லும் கறுப்புத்தானே?"

"இல்லண்ணே. அபர்ணாவுக்குப் பிடிக்காது. அவ கலர் விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கீழே குனிந்து எங்கள் காரின் டயரை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அவ்வளவு லேசில் விட்டுவிட்டாரே என்று நன்றியில் அவருக்கு ஒரு ஃபில்டர் காபியும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆடி பிறந்தது. வெள்ளிக்கிழமை. மழை நான் சொல்லி வைத்த மாதிரி கொட்டியது. காலையில் அபர்ணா பூஜை முடித்துவிட்டு வந்து சோபா பக்கத்தில் நின்றாள். ஆடி பிறந்துடுச்சும்மா, இனி எப்படி வாங்குறது என்று நான்தான் முதலில் வருத்தப்பட்டேன். ஆமா, ஆடியில வாங்க முடியாது என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அப்போது அவள் குரலில் இருந்த அமைதியைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பாவம், அடுத்த வருஷம் எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். மத்தியானம் எழுந்து சாப்பிட்டேன். மறுபடி தூங்கினேன். அத்தனை மாதக் களைப்பில் கால்வாசி போயிருக்கும்.

சாயங்காலம் நவரத்தினம் அண்ணனும் அவர் மனைவி சரோஜாதேவி அக்காவும் வந்தார்கள். நமக்கு ஆடி என்றால் எதையும் தொடாத மாதம். அவர்களுக்கு ஆடிப் பிறப்பே கொண்டாட்டம். அக்கா ஒரு பெரிய பாத்திரத்தில் ஆடிக்கூழும் தட்டு நிறையக் கொழுக்கட்டையும் கொண்டுவந்திருந்தார். தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்த அந்தக் கூழை இரண்டு கிண்ணம் குடித்த பிறகு எனக்குள் ஒரு பெருந்தன்மை ஊறியது. ஜெயித்தவனுக்கு வருமே, அந்தப் பெருந்தன்மை.

அக்காதான் பேச்சை எடுத்தார். இவ்வளவு அலைந்தும் பிள்ளை பனி பார்க்கக் குடுத்து வைக்கவில்லையே என்றார்.

"என்ன பண்றதுக்கா" என்றேன் பெருமூச்சோடு. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? டயர் மட்டும் இருந்திருந்தா, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கே வண்டிய எடுத்திருப்பேன். உங்க ரெண்டு பேரையும்கூடக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"மெய்யாவோ தம்பி?"

"சத்தியமாக்கா" என்றேன். கையில் கொழுக்கட்டை இருந்தது. அதன் மேலேயே அடித்தேன்.

அபர்ணா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பிரணவி, அந்த டார்ச்ச எடுத்துட்டு வா."

எதற்கு என்று கேட்பதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே போய் நின்றோம். பிரணவி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தாள்.

"அப்பா, லுக். தி மவுண்டன்."

பார்த்தேன். நான் வரைந்து காட்டிய அதே மலை. அதற்குள் அதே பனிப்பூ. பின் சக்கரத்துக்கு ஓடினேன். அங்கேயும் மலை. அடுத்த பக்கம் போனேன். அங்கேயும். பிரணவி தெருவில் இருந்த எல்லாக் காரையும் பார்த்தாள், எங்கள் காரை மட்டும் நான் பார்க்கச் சொல்லவே இல்லை. அதில் இருக்காது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

"ஜப்பான்ல ஸ்னோ கொட்டற ஊர்ல ஓடின வண்டியாம் இது" என்றாள் அபர்ணா. "நாலும் விண்டர் டயர். இன்னும் தேயவே இல்லையாம், மலைக்கே போலாம்னு வாரண்ட் எடுத்தவரு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"மே மாசம்."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வந்ததும் சொன்னேனே. நீங்க 'ம்'னீங்க."

மழை கூரை மேல் தடதடவென்று அடித்தது. எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு பிடி கிடைத்தது.

"ஆடி பிறந்துடுச்சே, அபர்ணா."

"புதுசா வாங்கினாத்தானே ஆடி? இருக்கறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேவா என்னக் கடை கடையா அலைய விட்ட?"

"அலைஞ்சீங்களா? விசில் அடிச்சீங்க, மசால் தோசை சாப்பிட்டீங்க. எனக்கும் மலையடியில ரூம் புக் பண்ண நாள் வேணும்ல?"

விசிலும் தோசையும் இவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பி நவரத்தினம் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையின் தகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கும் தெரியுமா?"

"ஓம் தம்பி" என்றார் கூரையைப் பார்த்தபடியே. "அபர்ணாப் பிள்ளை முதல் நாளே சொன்னது. நாங்களும் இன்னும் ஸ்னோ பாக்கேல்லைத்தானே? பின் சீற்று இருக்கெண்டு சொன்னவ."

டயர் டயர் என்று தேடிப் போனவன் டயர்டாகத் திரும்பி வந்து, என் சோபாவில், என் நாலு நாளில் மிச்சமிருந்த அந்த ராத்திரியையாவது அனுபவிக்கலாம் என்று போர்வையைத் தேடினேன். காணவில்லை. மலையில் குளிருமே என்று அபர்ணா அதை சாயங்காலமே டிக்கியில் வைத்துவிட்டாளாம். நான் கூழ் குடிக்க எழுந்த நேரத்தில்.

காலை ஐந்து மணிக்கு எல்லாரும் காரில் இருந்தோம். பின் சீட்டில் அண்ணன், அக்கா, நடுவில் பிரணவி. அக்கா மடியில் மிச்சக் கொழுக்கட்டை. முன்னால் என் பக்கத்தில் அபர்ணா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் போனில் என்னோடு பேசிய பெண்ணின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. சரி, போய்த் தொலைவோம், நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது.

சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டுப் பெண் வழக்கம்போல ஏதோ சொன்னாள். அதே நேரம் பக்கத்திலிருந்தும் ஏதோ குரல் வந்தது. நான் வழக்கம்போல, பொதுவாக, இருவருக்கும் சேர்த்து "ம்" என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்கல்லக்கா?" என்று அபர்ணா பின்னால் திரும்பினாள். "அடுத்த வருஷம் சவுத் ஐலண்ட் முழுக்கச் சுத்தலாமானு கேட்டேன், சரின்னுட்டாரு."